அம்மா, அப்பா இறந்த பிறகு வரும் பெனிபிட் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றவரை வழியனுப்பி, புரோபேட் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அனுமதி) எடுத்து, எல்லாம் ஒரு வழியாக முடிந்தது என்று மூச்சு விடும் நேரத்தில்தான் பல வீடுகளுக்கு அந்தக் கடிதம் வருகிறது. 'உங்கள் தாயார் பென்ஷன் கிரெடிட் பெற்றுவந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து, எங்களிடம் உள்ள விவரத்தைவிட அதிகமாகத் தெரிகிறது. கணக்கைத் தாருங்கள். அதுவரை பணத்தைப் பிரிக்க வேண்டாம்' என்பது அதன் சாரம். பென்ஷன் கிரெடிட் என்பது குறைந்த வருமானமுள்ள முதியோருக்குப் பிரித்தானிய அரசு தரும் உதவித்தொகை. என் அம்மா இறந்த ஏழாம் மாதம் எனக்கும் வந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. அதன்பின் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருடன் இதே கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகள்தான் இவை. சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்காட்லாந்தில் சொத்து நிர்வாக முறை வேறு.

இந்தக் கடிதம் ஏன் வருகிறது? அம்மா ஏமாற்றினார் என்கிறார்களா?

இல்லை. முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். புரோபேட் விவரம் பொதுப் பதிவு; யாரும் பார்க்கலாம். டி.டபிள்யூ.பி. எனப்படும் வேலை, ஓய்வூதியத் துறை அதைத் தன் பெனிபிட் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வருமானமும் சேமிப்பும் பார்த்துத் தரும் பெனிபிட் ஒன்றை வாங்கியவர் நல்ல தொகையை விட்டுச்சென்றிருந்தால், அந்தக் காசு எப்போது சேர்ந்தது என்று கேட்கிறார்கள். முதல் கடிதம் பெரும்பாலும் விவரம் கேட்கும் கடிதம்தான், தீர்ப்பு அல்ல.

நம் பெற்றோர் சேர்த்த விதம் நமக்குத் தெரியும். ஹீட்டிங்கைப் போடாமல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்குத் தரும் அட்டென்டன்ஸ் அலவன்ஸைத் தொடாமல் வங்கியில் விட்டு வைத்தவர்கள் அவர்கள். செலவழிக்காத பெனிபிட்டும் ஒரு கட்டத்துக்குப் பிறகு சேமிப்பாகிவிடும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அதைத் திருட்டு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் நினைக்க வேண்டியதில்லை.

பதில் போடாமல் விட்டால் என்ன?

விடாதீர்கள். பென்ஷன் கிரெடிட், இன்கம் சப்போர்ட் போன்றவற்றை வாங்கியவரின் சொத்தை நிர்வகிப்பவர், கேட்கப்பட்டால் அந்தச் சொத்து, கடன் விவரங்களைத் தர வேண்டும் என்று 1992-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டம் சொல்கிறது. உயிலில் எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுபவராக, உங்கள் பெயர் போட்டிருந்தாலும், உயில் இல்லாமல் நிர்வாகியாக நீங்கள் முன்வந்திருந்தாலும் இது பொருந்தும். வங்கிக் கணக்குகளைத் தேட நாள் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

அண்ணன், தங்கைக்கு அவர்கள் பங்கைக் கொடுத்துவிடலாமா?

கொடுக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். கடன் இருக்கலாம் என்று தெரிந்த பிறகு சொத்தைப் பிரித்துக் கொடுத்தால், குறையும் தொகைக்கு எக்ஸிகியூட்டர் தன் சொந்தக் காசிலிருந்து பொறுப்பாக நேரிடும். 'தம்பிக்கு வீடு வாங்க அவசரம், கொடுத்துவிட்டேன்' என்பது அங்கே எடுபடாது.

கடிதம் வருவதற்கு முன்பே பிரித்துவிட்டீர்களா? அப்போது இன்னொரு கேள்வி எழும்: 1925-ஆம் ஆண்டின் டிரஸ்டி சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அரசிதழான கெசட்டில் அறிவித்தல் போட்டீர்களா? போட்டுக் குறைந்தது இரண்டு மாதம் காத்திருந்து பிரித்திருந்தால், உங்களுக்குத் தெரியாமலிருந்த கடன்களுக்கு எதிராக அது உங்களைக் காக்கும். ஆனால் தெரிந்த கடனுக்கு அது குடை பிடிக்காது. காசை வாங்கிய பிள்ளைகளிடம் போய்க் கேட்கும் உரிமையும் கடன் கொடுத்தவருக்கு உண்டு. பெற்றவர் வருமானம் பார்த்துத் தரும் பெனிபிட் வாங்கியிருந்தால், கடிதம் வரும்வரை காத்திராமல் நீங்களே டி.டபிள்யூ.பி.க்கு எழுதிக் கேட்டுவிட்டுப் பிரிப்பது நல்லது.

சொத்து போதாவிட்டால் என் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டுமா?

வேண்டாம். கடன் அம்மாவுடையது. அது அவர் விட்டுச்சென்றதிலிருந்து மட்டுமே தீரும். சொத்தைவிடக் கடன் அதிகமென்றால் வரிசை உண்டு: நியாயமான இறுதிச் சடங்குச் செலவும் நிர்வாகச் செலவும் முன்னுக்கு, டி.டபிள்யூ.பி. போன்ற சாதாரணக் கடன்காரர்கள் அதற்குப் பின். எனவே சடங்குச் செலவின் ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

முன்கூட்டியே பிரித்துக் கொடுப்பதைப் பற்றி மேலே சொன்னதைத் தவிர, இன்னொரு விதிவிலக்கும் உண்டு. அம்மாவின் பெனிபிட்டை அவர் சார்பில் வாங்கிக் கையாளும் அப்பாயின்டியாக நீங்கள் பதிவாகியிருந்தால், மாற்றங்களைத் தெரிவிக்கும் பொறுப்பு உங்களுடையது. அந்த நிலையில் உங்களிடமே கேட்கவும் இடமுண்டு. அப்படியானவர்கள் கட்டாயம் ஆலோசனை பெற வேண்டும்.

எந்தெந்தக் காசு சேமிப்பாகக் கணக்கில் வரும்?

எல்லாக் குடும்பத்திலும் அதிக நேரம் பிடிப்பது இந்தக் கேள்விதான்.

வங்கிக் காசு, நிரந்தர வைப்பு, வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ஐசா, அரசுச் சேமிப்புப் பத்திரமான பிரீமியம் பாண்ட் எல்லாம் வரும். ஊரில் இருக்கும் வங்கிக் கணக்கும் வரும். வெளிநாட்டில் இருப்பது வெளியே தெரியாது என்ற எண்ணத்தில் அதை மறைத்தால், பிறகு அம்மாவின் தவறு உங்கள் தவறாகிவிடும்.

ஊர் வீடும் காணியும் வரும். வாழ்ந்துகொண்டிருந்த இங்கிலாந்து வீட்டை விட்டுவிடுவார்கள், இரண்டாவது சொத்தை விடமாட்டார்கள். ஆனால் முழு விலையும் சேராது. விற்பனைச் செலவுக்கு 10 சதவீதம் கழிப்பார்கள், அதன் பேரில் உள்ள கடனையும் கழிப்பார்கள். காணி நான்கு சகோதரருக்குச் சேர்ந்தது என்றால் அம்மாவின் பங்கின் மதிப்பு மட்டுமே. பிரிக்கப்படாத காணியில் கால் பங்கை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்று யோசித்துப் பாருங்கள். நான்கில் ஒரு பங்கு என்று கணக்குப் போடுவதைவிட அது மிகக் குறைவாக வரும். விற்ற பணத்தை அந்த நாட்டிலிருந்து இங்கே கொண்டுவர அந்நாட்டுச் சட்டம் தடை செய்தால், இங்கிலாந்தில் உள்ள ஒருவர் அதை என்ன விலைக்கு வாங்குவாரோ அதுதான் மதிப்பு. இந்த வாதங்களை நீங்கள்தான் முன்வைக்க வேண்டும். கேட்காமல் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.

அம்மா அணிந்த நகைகள் சொந்தப் பாவனைப் பொருள், சேமிப்பில் சேராது. தாலிக்கொடியின் எடையைக் கேட்டு யாரும் பென்ஷன் கிரெடிட்டைக் குறைக்க முடியாது. முன்கூட்டியே கட்டிவைத்த பியூனரல் பிளானின் மதிப்பையும் விட்டுவிடுவார்கள். ஆனால் 'என் செத்தவீட்டுக்கு' என்று சாதாரணக் கணக்கில் ஒதுக்கி வைத்த காசுக்கு அந்தச் சலுகை இல்லை. எத்தனையோ பேர் அப்படித்தான் ஒதுக்கி வைக்கிறார்கள் என்பதால் இது எனக்கு எப்போதும் மனவருத்தம் தரும் விதி.

பிறகு, அம்மா பெயரில் கிடந்த மகனின் காசு. உண்மையில் அது மகனுடையது, அம்மா பாதுகாத்து மட்டும் வைத்திருந்தார் என்றால் அது அம்மாவின் சேமிப்பு அல்ல. ஆனால் வாய்ச்சொல் போதாது. உங்கள் கணக்கிலிருந்து போன தேதி, தொகை, திரும்பி வந்தது, சீட்டுக் கட்டிய துண்டு, அப்போது அனுப்பிய மெசேஜ் என்று காகிதம் வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் சம பங்காகப் பிரித்துப் பார்ப்பார்கள்.

எவ்வளவு கேட்பார்கள்? சேமிப்பு முழுவதையுமா?

இல்லை. பென்ஷன் கிரெடிட்டில் முதல் 10,000 பவுண்டைக் கணக்கில் எடுப்பதில்லை. 2009 நவம்பருக்கு முன்பு அந்த எல்லை 6,000. அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும், அல்லது அதில் ஒரு பகுதிக்கும், வாரம் ஒரு பவுண்ட் வருமானம் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். 15,000 பவுண்ட் இருந்தால் மேலதிகம் 5,000. அதாவது வாரம் 10 பவுண்ட். அவ்வளவுதான் கூடுதலாகப் போயிருக்கும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விதி இருக்கிறது. கூடுதல் கொடுப்பனவு 13 வாரத்தைத் தாண்டினால், ஒவ்வொரு 13 வார முடிவிலும், அதுவரை கூடுதலாகக் கொடுத்த தொகையைச் சேமிப்பிலிருந்து கழித்துவிட்டே அடுத்த 13 வாரத்தைக் கணக்கிட வேண்டும். காரணம் எளிது: அந்த உதவி கிடைத்திராவிட்டால் அம்மா சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்திருப்பார். மேலே சொன்ன 15,000 முதல் ஆண்டு முடிவில் 14,480 ஆகும். அப்போது வாரத்துக்கு 10 அல்ல, 9 பவுண்ட். ஒரு ஆண்டில் பெரிதாகத் தெரியாது. பத்து ஆண்டுக் கணக்கில் வித்தியாசம் ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். வரும் கணக்குத்தாளில் சேமிப்புத் தொகை 13 வாரத்துக்கு ஒருமுறை இறங்குகிறதா என்று விரலை வைத்து வரி வரியாகப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் திருத்தச் சொல்லி எழுதுங்கள்.

கவுன்சிலும் தனியாகக் காசு கேட்கிறது. இரண்டு முறை கட்ட வேண்டுமா?

அது வேறு கடன். வாடகைக்கு உதவும் ஹவுசிங் பெனிபிட்டும் கவுன்சில் வரிக் குறைப்பும் கவுன்சிலுடையவை. பென்ஷன் கிரெடிட்டின் கேரண்டி பகுதி, அதாவது வருமானத்தை ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு உயர்த்தும் பகுதி, கிடைத்த காலம்வரை கவுன்சில் சேமிப்பைப் பார்க்காது. அம்மாவுக்கு அது வாரம் 8 பவுண்ட் மட்டுமே கிடைத்து, திருத்திய கணக்கில் அந்த 8 பவுண்ட் இல்லாமல் போனால், கவுன்சிலின் 16,000 பவுண்ட் எல்லை விழித்துக்கொள்ளும். வாரம் 8 பவுண்ட் பிரச்சினை, வாரம் 150 பவுண்ட் வாடகைப் பிரச்சினையாக மாறும்.

இங்கும் அந்த 13 வார விதி உண்டு, இங்கேதான் அதன் முழுப் பலமும் தெரியும். சேமிப்பு 17,000, வாடகை உதவி வாரம் 150 என்று வையுங்கள். 13 வாரத்தில் 1,950 பவுண்ட் போகிறது. அதைக் கழித்தால் 15,050. எல்லைக்குக் கீழே வந்துவிட்டது, எனவே அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பகுதி உதவிக்காவது உரிமை இருந்திருக்கும். ஐந்து ஆண்டு வாடகையையும் முழுதாகத் திருப்பிக் கேட்கும் கணக்குத்தாளை இந்த விதியோடு ஒப்பிடாமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்கு 75 வயதைத் தாண்டியிருந்தது. ஏதாவது வித்தியாசம் உண்டா?

பெரிய வித்தியாசம் இருக்கலாம். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா கடிதங்களை ஒரு நீல நிற பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். மேலே நூலும் ஊசியும், கீழே ரப்பர் பாண்ட் போட்ட கடிதக் கட்டு. ரப்பர் பாண்ட் காய்ந்து காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. 2012-இல் வந்த ஒரு பென்ஷன் கிரெடிட் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், அசெஸ்டு இன்கம் பீரியட் என்ற தலைப்பின் கீழ் தொடங்கும் தேதி இருந்தது, முடியும் தேதி இல்லை. அப்போது அம்மாவுக்கு 76 வயது. எட்டாயிரத்துச் சொச்சம் சேமிப்பு என்று அவர் சொன்னது அதில் சரியாகப் பதிவாகியிருந்தது.

அந்தத் தலைப்புக்குப் பொருள் இதுதான்: அந்தக் காலம் நடக்கும்வரை சேமிப்பு கூடினாலும் தெரிவிக்க வேண்டியதில்லை. 2016 ஏப்ரலில் புதிதாக இப்படிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் 75 வயதைக் கடந்து, முடிவுத் தேதி இல்லாமல் ஏற்கெனவே பெற்றிருந்தவர்களுக்கு அது தொடர்ந்தது. நிரந்தரமாகக் கேர் ஹோமுக்குப் போவது, துணை சேர்வது அல்லது பிரிவது போன்ற மாற்றங்கள் வந்தால்தான் முடியும். அம்மா இறக்கும்போது இருபதாயிரத்துக்கு மேல் இருந்தது, ஆனால் கூடியதைச் சொல்ல வேண்டிய கடமையே அவருக்கு இருக்கவில்லை. அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பினேன். கட்ட எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

எனவே வீட்டைக் காலி செய்யும்போது பழைய கடிதங்களைக் குப்பையில் போடாதீர்கள். கடிதம் கிடைக்காவிட்டால், 'என் தாயாருக்கு அசெஸ்டு இன்கம் பீரியட் இருந்ததா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை' என்று நேரடியாக எழுதிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தொடக்கத்தில் சேமிப்பைக் குறைத்துச் சொல்லியிருந்தால் இது காப்பாற்றாது.

அப்பா ஒவ்வோர் ஆண்டும் மூன்று மாதம் ஊருக்குப் போவார். அதைப் பிடிப்பார்களா?

பிடிக்கலாம். 2016 ஜூலை இறுதியிலிருந்து பென்ஷன் கிரெடிட் பொதுவாக 4 வாரத்துக்கு மேற்படாத பயணத்துக்குத்தான் தொடரும். நெருங்கிய உறவினர் இறந்தால் இன்னும் 4 வாரம்வரை, மருத்துவச் சிகிச்சைக்கு என்றால் 26 வாரம்வரை. அதற்கு முன்பு 13 வாரம். ஆகவே 2014-இல் அப்பா போன மூன்று மாதம் சரி, 2018-இல் போனது சிக்கல். ஸ்டேட் பென்ஷனுக்கு இந்தத் தடை இல்லை. கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளைக் கொண்டு பயணங்களை ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதுங்கள், சிகிச்சைக்காகப் போனவற்றைத் தனியாகக் குறியுங்கள்.

இதேபோல அட்டென்டன்ஸ் அலவன்ஸ் ஆஸ்பத்திரியில் 28 நாள் கடந்தால் நிற்கும். கவுன்சில் செலவில் கேர் ஹோமில் இருந்தாலும் அப்படியே. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த குடும்பத்துக்கு இதை அறிவிக்க நினைவு இருந்திருக்காது. கேட்பது நியாயமான தொகையா என்று பார்க்க அனுமதித்த தேதியையும் வீட்டுக்கு அனுப்பிய தேதியையும் சரிபாருங்கள்.

தவறு அவர்களுடையது என்றால்?

அம்மா உண்மையைச் சொல்லியும் அலுவலகம் தவறாகக் கணக்கிட்டிருந்தால், பென்ஷன் கிரெடிட்டைத் திருப்பிக் கேட்க முடியாது. தவறான தகவல் தந்தது அல்லது முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டது, இந்த இரண்டில் ஒன்றால்தான் கூடுதல் காசு போனது என்று அவர்கள் காட்ட வேண்டும். சட்டத்துக்கு வெளியே வேறு வழியில் வசூலிக்கவும் முடியாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹவுசிங் பெனிபிட்டில், அலுவலகத் தவறு என்பதோடு, கூடுதலாக வருகிறது என்று அம்மா அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதையும் காட்ட வேண்டும். வேலை வயதினருக்கான யூனிவர்சல் கிரெடிட் வேறு. அங்கே யார் தவறாக இருந்தாலும் திருப்பிக் கேட்கலாம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கடைசியில் மறதி நோயும் இருந்தது. அதைச் சொல்லலாமா?

சொல்லுங்கள், ஆனால் அதையே முழுதாக நம்பியிருக்காதீர்கள். வேண்டுமென்றே மறைத்தாரா, தெரியாமல் விட்டாரா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. புரிந்துகொள்ளும் திறன் இல்லாதவருக்கும் தெரிவிக்கும் கடமை உண்டு என்று 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எனக்கு இது கொடுமையாகத்தான் படுகிறது. ஆனால் கடனைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கும்போது இந்த விவரங்களுக்கு இடமுண்டு. தள்ளுபடி அவர்கள் விருப்பத்தைப் பொறுத்தது, அரிதாகவே கிடைக்கும்.

முடிவை எப்படி எதிர்ப்பது?

முதலில் முடிவு உண்மையில் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெனிபிட் முடிவைத் திருத்திய பிறகே இவ்வளவு கூடுதல் என்ற முடிவு செல்லும். இரண்டின் நகலையும், வாரவாரியான கணக்கையும், அம்மா கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகலையும் கேளுங்கள். அப்புறம், முடிவு தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாண்டேட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது அந்த முடிவை அலுவலகமே மறுபடி பார்க்கும்படி, கேட்க வேண்டும். சரியான காரணம் இருந்தால் தாமதத்தையும் ஏற்கலாம். அதிலும் ஒத்துக்கொள்ளாவிட்டால், பதில் வந்த ஒரு மாதத்துக்குள் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எக்ஸிகியூட்டருக்கு அந்த உரிமை உண்டு. ஹவுசிங் பெனிபிட் முடிவுக்கான மேல்முறையீட்டைக் கவுன்சிலிடமே கொடுக்க வேண்டும், அதற்கும் ஒரு மாதம்தான்.

இறந்த பிறகும் பென்ஷன் வந்து விழுந்தது. என்ன செய்வது?

தொடாமல் தனியாக வைத்திருங்கள். இறப்பைப் பதியும்போது டெல் அஸ் ஒன்ஸ் சேவையில் அறிவித்தால் பல அலுவலகங்களுக்கும் ஒரே தடவையில் செய்தி போய்விடும். அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு நீங்கள் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கினால், இறந்த பின் 8 வாரம்வரைதான் அது வரும். அதையும் அறிவியுங்கள். துக்கத்தில் இதை மறந்து தாங்களே கடன்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் எங்களுக்குத் தர வேண்டியது இருக்குமா?

இருக்கலாம். திருமணமான பெண்கள், விதவைகள், 80 வயதைக் கடந்தவர்கள் பலருக்கு ஸ்டேட் பென்ஷனைக் குறைத்துக் கொடுத்ததைச் சரிசெய்யும் பணியை டி.டபிள்யூ.பி. 2021 ஜனவரியில் தொடங்கியது. இறந்தவருக்கு உரிய பாக்கி அவர் சொத்துக்குச் சேரும். அதே கடிதத்தில் இதையும் கேளுங்கள்.

போலீஸ், நீதிமன்றம் என்று போகுமா?

இறந்தவர் மீது குற்ற வழக்கு இல்லை. கடனைத் தீர்க்காவிட்டால் சொத்தின் மீது சிவில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். சரியான கடன் என்று தெரிந்தால் கட்டிவிட்டு, தீர்ந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். வாரிசு வரி கட்டும் அளவுக்குச் சொத்து இருந்தால் இந்தக் கடனை அதில் கழிக்கலாம்.

யாரிடம் உதவி கேட்கலாம்?

சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூ.கே., உங்கள் பகுதியின் லா சென்டர். மூன்றிலும் இலவசம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நேரம் குறிக்கும்போதே சொல்லுங்கள். போகும்போது புரோபேட் நகல், வந்த கடிதங்கள் உறையோடு, இறந்த தேதியில் வங்கி மீதி, முடிந்தவரை பழைய ஸ்டேட்மென்ட்கள், கடவுச்சீட்டு, இறுதிச் சடங்கு ரசீதுகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அம்மாவின் பழைய கடிதக் கட்டு இருந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பக்கம் பயன்படும் என்று முன்கூட்டித் தெரியாது.